ஊற்றுபவள் பேசக் கூடாது

ரோத்ஸ்
8 மார்ச் 1987

அன்புள்ள அக்கா,

நேற்று நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. "அப்பா, உங்கள் கோப்பையில் இருப்பது நான்காவது விஸ்கி இல்லை, இரண்டாவது" என்று நான் சொல்லவில்லை.

விடுதியின் பின்னறையில் நம் விஸ்கிச் சங்கத்தின் வழக்கமான சனிக்கிழமைக் கூட்டம், பெயர் மறைத்த விஸ்கியை மோந்தே கண்டுபிடிக்கும் விளையாட்டு. ஐந்து பாட்டில்களும் கம்பளிக் காலுறைக்குள் இருந்தன. நிறம் தெரியாதபடி நீலக் கண்ணாடிக் கோப்பைகள். அம்மா இருந்தவரை அவள் ஊற்றினாள், இப்போது நான். எதில் எது இருக்கிறது என்பது ஊற்றுபவளுக்குத் தெரியும். ஆகவே கடைசிச் சுற்று முடியும்வரை அவள் வாய் திறக்கக் கூடாது. அந்த விதியை அம்மா எப்படிக் காத்தாள் என்று உனக்குத் தெரியும். ஒருமுறை தலைமையாசிரியர் லாக்லனின் தாடியில் மெழுகுவர்த்தி பற்றியபோதுகூட அவள் கையைத்தான் காட்டினாள்.

நான்காம் சுற்றில் மருந்துக்கடை நெட்டாவுக்கு முதலில் ஊற்றினேன். மோந்து பார்த்தவள், "ஐயோ, எங்க கடையில புண்ணுக்குக் கட்டுற துணி மாதிரியே இருக்கு" என்றாள். "அப்ப உன் கடைக்கே வந்து குடிச்சிடலாம், விலையாவது குறையும்" என்றார் லாக்லன். சிரிப்பை அடக்கியதில் என் கை தவறியது. அப்பாவின் கோப்பையில் இரண்டாம் பாட்டிலிலிருந்து ஊற்றிவிட்டேன். பரவாயில்லை, அப்பா ஒருமுறை மோந்தாலே கண்டுபிடித்துச் சிரிப்பார் என்று பேசாமல் நின்றேன்.

ஸ்ட்ருவன் மாமாதான் எப்போதும்போல முதலில் சொன்னார். "தேன். அப்புறம் தார் பூசின கயிறு எரியற புகை. தீவு மால்ட்டையும் நம்ம பக்கத்து மால்ட்டையும் சேர்த்த கலவை."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். "கயிறுதான். மழையில நனைஞ்சு பாதி காஞ்ச கயிறு. ஆனா தேன் முன்னாடி வரல ஸ்ட்ருவன், புகைக்குள்ள ஒளிஞ்சிருக்கு."

எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். காலுறையை உருவியபோது அது கலவை மால்ட்தான். ஐந்து வடிசாலைகளின் மால்ட், எல்லாம் முளைவிட்ட பார்லியில் வடித்தது, வேறு தானிய விஸ்கி ஒரு துளி கிடையாது. ஆனால் அப்பாவின் கோப்பையில் அது இல்லை. எல்லோரும் போன பிறகு கழுவும்போது அதை எடுத்து மோந்தேன். காலிக் கோப்பையில்தான் வாசனை நன்றாகத் தெரியும். இது என் பழக்கம், யாருக்கும் தெரியாது. ஆப்பிளும் பார்லியும் இருந்தன. புகை இல்லவே இல்லை.

ஸ்ட்ருவன் மாமா சொன்னதை அப்பா ஏன் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும்? இந்த ஊரில் மர்டோவின் மூக்குக்கு மேல் மூக்கு இல்லை என்று பெயரெடுத்தவர், முப்பது வருடம் பேருந்து ஓட்டிய மனிதருக்கு ஏன் பயப்பட வேண்டும்?

உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அத்தானுக்கு என் அன்பைச் சொல்.

உன்,
இஷ்பெல்

---

ஓடாகோ, நியூசிலாந்து
22 மார்ச் 1987

அன்புத் தங்கை இஷ்பெல்,

இங்கே நாங்கள் நலம். முதுகு பரவாயில்லை. இலையுதிர்காலம் வந்துவிட்டது, கிடாக்களை மந்தையில் விட்டிருக்கிறோம். அத்தான் வேலியில் கையைக் கிழித்துக்கொண்டு வந்து, ஆட்டுக்குப் போடும் மருந்தைத் தனக்கே போட்டுக்கொண்டார்.

கோப்பை விஷயத்தில் நீ இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. நான்காம் சுற்றில் யாருக்குத்தான் நாக்கு நிதானத்தில் இருக்கும்? இல்லை, நீ சரியாகவே ஊற்றியிருப்பாய், பிறகு குழம்பியிருப்பாய்.

ஸ்ட்ருவன் மாமா நல்லவர். இப்போதும் தினமும் காலையில் தவறாமல் வருகிறார் அல்லவா? அவரிடம் என் வணக்கத்தைச் சொல். குளிரில் கழுத்தை மூடாமல் வெளியே போகாதே.

ரோனா

---

ரோத்ஸ்
11 ஏப்ரல் 1987

அன்புள்ள அக்கா,

அப்பாவும் நானும் நலம். உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஸ்ட்ருவன் தினமும் காலையில் வருகிறார் என்பது உனக்கு எப்படித் தெரியும்? நான் எழுதவில்லையே. எனக்கே போன வாரம்தான் தெரியும்.

நான் நூலகத்துக்கு எட்டு மணி பேருந்தில் எல்கின் போய்விடுவேன். வியாழக்கிழமை குடையை மறந்து பாதி வழியில் திரும்பினேன். அடுக்களைக் கதவு திறந்திருந்தது. ஸ்ட்ருவன் நம் பால் பாட்டிலின் மூடியைத் திறந்து மூக்கருகே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு எரிவாயு அடுப்பின் மேல் குனிந்து, திருடன் பூட்டைப் பார்ப்பதுபோல் ஒவ்வொரு குமிழாகத் தொட்டுப் பார்த்தார். அப்பா மாடியில் சவரம் செய்துகொண்டிருந்தார், சீட்டியடிப்பது கேட்டது.

"என்னம்மா, குடையா?" என்றார் என்னைப் பார்த்ததும். துளிக்கூடத் திடுக்கிடவில்லை. வானத்தையும் என் வெறும் கையையும் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

"நீங்க என்ன பண்றீங்க?"

"உங்கப்பனோட டீ குடிக்கலாம்னு வந்தேன். பால் இருக்கான்னு பாத்தேன்."

"பால் இருக்கான்னு பாக்க மூக்கு எதுக்கு?"

"வயசாச்சும்மா, கண்ணு தெரியல" என்று சிரித்தார். அவர் அக்குளில் செய்தித்தாள் பொட்டலம் ஒன்று இருந்தது. மாலையில் வந்து பார்த்தேன், செவ்வாய்க்கிழமை நான் வாங்கி வைத்த மீனைக் காணோம். அப்பாவிடம் கேட்டதற்கு, "பூனை தின்னிருக்கும்" என்றார். நம் வீட்டில் பூனை ஏது?

அவருக்கு அப்பாவிடம் ஏதோ பிடி இருக்கிறது. அது என்னவென்று தெரியவில்லை. உனக்குத் தெரியுமா? நேராகக் கேட்கிறேன், நேராகப் பதில் எழுது.

இஷ்பெல்

---

ஓடாகோ
19 மே 1987

அன்புத் தங்கைக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். ஓடை பெருகித் தபால் வண்டி வரவில்லை. நலமாக இருக்கிறோம். முதல் பனி விழுந்துவிட்டது. உனக்கு ஒரு கம்பளிச் சட்டை பின்னிக்கொண்டிருக்கிறேன். கை அளவு மாறியிருந்தால் எழுது.

ஒரு மீனுக்காகப் பெரியவர் ஒருவரைச் சந்தேகிக்காதே. முன்பெல்லாம் 'ஸ்ட்ருவன் மாமா' என்று எழுதுவாய். இந்த முறை 'மாமா' இல்லை. அது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

ரோனா

---

ரோத்ஸ்
27 ஜூன் 1987

அன்புள்ள அக்கா,

கை அளவு மாறவில்லை. நீ பதில் சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரிகிறது. வேறு செய்திகள் எழுதுகிறேன்.

இந்த ஆண்டும் நவம்பர் கடைசியில் ஆண்ட்ரு புனிதர் திருநாள் விருந்துக்குச் சங்கத்தின் கலவையை அப்பாதான் செய்கிறார். ஆறு மால்ட். செய்து முடித்துக் கண்ணாடிச் சாடியில் மாதக்கணக்கில் ஊற வைத்தால்தான் ஒன்றோடொன்று பழகும் என்பார். முன்பு அடுக்களை மேசையில், நாம் பார்க்கப் பார்க்கச் செய்வார். இப்போது கொட்டகையில், கதவைச் சாத்திக்கொண்டு. உள்ளே ஸ்ட்ருவன் மட்டும். நேற்று கதவருகே நின்று கேட்டேன். வெட்கமாக இருந்தாலும் நகரவில்லை.

"இப்ப எப்படி?" என்றது அப்பாவின் குரல்.

"இன்னும் அந்தத் தோல் வாசம் தூக்கலா இருக்கு."

"அது மூணாவது பாட்டில். குறைக்காத. இந்தப் பழம் வாசம் வர்றது ஒண்ணு இருக்கே, அதுல ரெண்டு கரண்டி விடு. விட்டுட்டுச் சொல்லு."

கரண்டி கண்ணாடியில் படும் சத்தம். பிறகு ஸ்ட்ருவன், "மர்டோ, நீ பேய்தான்யா" என்றார்.

யார் கலக்கிறார்கள் அக்கா? அப்பா ஏன் தானே மோந்து பார்க்கவில்லை? விருந்தன்று இதைத் தன் கலவை என்று ஸ்ட்ருவன் எழுந்து சொல்லப்போகிறாரா? லாக்லனுக்கும் ஏதோ உறுத்துகிறது. நூலகத்துக்கு வந்தவர் என் மேசையில் சாய்ந்துகொண்டு, "நம்ம ஊர்ல ரெண்டு பேருக்கு ஒரே மூக்கு, கவனிச்சியா இஷ்பெல்? விருந்தன்னிக்கு நான் ஒரு பாட்டில் கொண்டு வரேன். அப்பத் தெரியும் மூக்கு யாரோடதுன்னு" என்றார். நான் அவர் புத்தகத்தில் முத்திரை குத்தி நீட்டினேன். அப்பாவுக்கு இந்த ஊரில் இருப்பது அந்தப் பெயர் ஒன்றுதான். அம்மா போன பிறகு, நம் கடையை விற்ற பிறகு, சனிக்கிழமைகளுக்காகத்தான் அவர் சட்டைக்கு இஸ்திரி போடுகிறார்.

என்னைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. அது அப்புறம்.

இஷ்பெல்

---

ஓடாகோ
12 ஜூலை 1987

அன்புத் தங்கை,

நலம், நலமறிய ஆவல். என்ன செய்தி? எழுது. ஏதாவது பையனா? அத்தான் பந்தயம் கட்டியிருக்கிறார்.

கதவருகே நிற்காதே. லாக்லனிடம் எதுவும் சொல்லாதே. எதுவும்.

ரோனா

---

ரோத்ஸ்
23 ஆகஸ்ட் 1987

அக்கா,

பையன் இல்லை.

நான் ஒரு பரீட்சை வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா அடுக்களையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அடுப்பில் ரொட்டியை வைத்துவிட்டு அவர் எதிரே புத்தகத்தோடு உட்கார்ந்தேன். ரொட்டி சிவந்தது, கறுத்தது. எனக்குத் தொண்டை கமறியது, பக்கத்தைத் திருப்பினேன். அப்பா கால்பந்துச் செய்தியைச் சத்தமாகப் படித்துக் காட்டி, "இவனுங்களுக்குக் காலே கிடையாது" என்று திட்டினார். புகை மேசைக்கு வந்து கண் எரிந்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"அடடா! அப்பவே வாசம் வந்துச்சு. சொல்லணும்னு நினைச்சேன், இந்தக் கழுதைங்க கோலைத் தவற விட்டதுல மறந்துட்டேன்" என்றார்.

நான் சரி என்றேன். கரியைச் சுரண்டினேன்.

பால் புளித்ததா, வாயு கசிகிறதா, மீன் கெட்டதா என்று இந்த வீட்டுக்கு ஒரு மூக்கு தேவைப்பட்டிருக்கிறது. ஸ்ட்ருவன் அதைக் காலையில் கொண்டுவந்து, போகும்போது எடுத்துப் போயிருக்கிறார். நான் அவரைத் திருடன் என்று எழுதினேன்.

ஆனால் என் சந்தேகம் தீரவில்லை, ஆள் மாறியிருக்கிறது. அது நீ. எப்போதிலிருந்து உனக்குத் தெரியும்? உனக்குச் சொன்னவர் எனக்கு ஏன் சொல்லவில்லை?

இஷ்பெல்

---

ஓடாகோ
27 செப்டம்பர் 1987

என் இஷ்பெல்,

குட்டி போடும் காலம். இரவெல்லாம் கொட்டிலில் இருக்கிறேன், கை நாறுகிறது. இந்தக் கடிதத்தைப் பலமுறை தொடங்கிக் கிழித்தேன்.

அம்மாவை அடக்கம் செய்த வாரம் அப்பாவுக்குக் கடும் காய்ச்சல் வந்தது நினைவிருக்கிறதா? காய்ச்சல் இறங்கியபோது வாசனையும் போய்விட்டது. என்னை வழியனுப்ப எல்கின் நிலையத்துக்கு வந்தபோது சொன்னார். அம்மாவின் சால்வையை மோந்து பார்த்தாராம், ஒன்றுமே தெரியவில்லையாம். அப்படித்தான் கண்டுபிடித்தார். "ஸ்ட்ருவனுக்குத் தெரியும், உனக்குத் தெரியும், போதும். இஷ்பெலுக்குத் தெரிஞ்சா அடுப்பைப் பாக்கறேன் பாலைப் பாக்கறேன்னு இங்கயே உக்காந்துருவா. அவ இந்த ஊர்ல உக்கார்ற பொண்ணு இல்ல" என்றார். என்னிடம் சத்தியம் வாங்கினார்.

மாதம் ஒரு கடிதம் எழுதுகிறார். நீ புது மேல்கோட்டு வாங்கியதையும் எழுதினார். "இந்த ஊர்க் காத்துக்கு அந்தக் கோட்டு ஒரு நாள் தாங்காது. அது நகரத்துக் கோட்டு. எப்பச் சொல்லுவான்னு பாத்துக்கிட்டிருக்கேன்" என்று. எங்கே போகிறாய்? நீயும்தானே என்னிடம் மறைக்கிறாய்?

ரோனா

---

ரோத்ஸ்
1 டிசம்பர் 1987

அன்புள்ள அக்கா,

உனக்குப் பதில் எழுதாமல் இரண்டு மாதம் கடத்தினேன். கோபம்தான், வேறு காரணமில்லை. கிளாஸ்கோவில் ஒரு பெரிய நூலகத்தில் வேலை. ஜூனிலேயே சொல்லிவிட்டார்கள், ஜனவரி வரை இடத்தை வைத்திருக்கிறார்கள். ரொட்டி கருகிய நாளிலிருந்து, வரவில்லை என்று எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். அந்தக் கடிதம் இன்னும் முடியவில்லை.

நேற்று விருந்து. போன வாரம் ஸ்ட்ருவன் மாமா படியில் வழுக்கி இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். அபர்டீன் மருத்துவமனையில் இருக்கிறார். நீங்கள் போகாதீர்கள் அப்பா, சளி என்று சொல்லுங்கள் என்றேன். "மூக்கடைப்புன்னு சொல்லச் சொல்றியா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவருக்கும் எனக்கும் இருந்த மறைப்பு போய்விட்டது. அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

சங்கத்தின் கலவையை முதலில் ஊற்றினேன். நெட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். லாக்லனே, "இத்தனை வருஷத்துல இதுதான்யா உச்சம்" என்றார். அதை அவர் மனதாரச் சொன்னார். அதன் பிறகுதான் பையிலிருந்து காலுறை சுற்றிய பாட்டிலை எடுத்தார்.

"இன்னிக்கு வரிசையை மாத்துவோம். மர்டோ முதல்ல சொல்லட்டும். எப்பவும் கடைசியில சொல்லிச் சொல்லிப் பழகிட்டாரு."

"லாக்லன், இது என்ன பள்ளிக்கூடமா?" என்றாள் நெட்டா.

"பயப்படறவங்கதான் அப்படிக் கேப்பாங்க."

ஊற்றினேன். அப்பா கோப்பையை எடுத்து மூக்கருகே வைத்தார். பக்கத்தில் ஸ்ட்ருவன் மாமாவின் நாற்காலி காலியாக இருந்தது. அப்பா அதில் எதையோ தேடுவதுபோல் கண்ணை மூடியிருந்தார். லாக்லன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"இனி நான் ஊத்தல. குடிக்கிறேன்."

"ஊத்தறவ பேசக் கூடாது!" என்றார் லாக்லன்.

"அவதான் ஊத்தலைங்கறாளே. மூணு வருஷமா நின்னுக்கிட்டே இருக்கா, உக்காரட்டும். அதுவும் போக, பாட்டில் நீ கொண்டு வந்தது, அவளுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் நெட்டா.

எனக்குத் தெரிந்தது. கோப்பையைத் தூக்குவதற்கு முன்பே, ஊற்றும்போதே வாசனையில் தெரிந்தது. போன வருடம் இதே நாளில் கழுவுவதற்கு முன் மோந்த அத்தனை கோப்பைகளிலும் இதுதான் இருந்தது. "ஆரஞ்சுத் தோல். ஈரக் கம்பளி. அடியில கொஞ்சம் புகை, ரொம்பக் கொஞ்சம். இது கடையில வாங்கினது இல்ல, லாக்லன் ஐயா. போன வருஷம் எங்கப்பா கலந்தது. நீங்க ஒரு பாட்டில் எடுத்து வெச்சிருக்கீங்க."

தன் கலவையையே அடையாளம் தெரியாமல் அப்பா எல்லோர் முன்னாலும் ஏதாவது உளற வேண்டும் என்பதுதான் திட்டம். லாக்லனின் காது சிவந்துவிட்டது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அப்பா 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெயர் தப்பித்துவிடும், அடுத்த சனிக்கிழமையும் நான் அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன், அதற்கடுத்த சனிக்கிழமையும்.

அப்பா கோப்பையைக் கீழே வைத்தார்.

"எந்திரிம்மா. அது ஸ்ட்ருவன் நாற்காலி."

"அப்பா..."

"அதுல உக்காந்தா நீ எந்திரிக்கவே மாட்ட." பிறகு எல்லோரையும் பார்த்துச் சொன்னார். "அவ சொன்னா சரியாத்தான் இருக்கும். எனக்குத் தெரியாது. எனக்கு வாசனை போயி மூணு வருஷமாகப் போகுது லாக்லன். உன் பாட்டிலும் ஒண்ணுதான், குழாய்த் தண்ணியும் ஒண்ணுதான்."

லாக்லன்தான் மெல்லக் கேட்டார். "அப்ப, முதல்ல குடிச்சோமே, அது?"

"அது நான் கலந்தது. மூக்கு ஸ்ட்ருவனோடது. எந்த மால்ட் எப்படி இருக்கும், எதோட சேரும்ங்கறது இங்க இருக்கு" என்று நெற்றியைத் தட்டினார். "அது இன்னும் கெட்டுப் போகல."

லாக்லன் சங்கக் கலவையைத் தன் கோப்பையில் தானே ஊற்றிக்கொண்டார். நீண்ட நேரம் மோந்தார். குடிக்கவில்லை. "நீ பேய்யா" என்று மட்டும் சொன்னார். மன்னிப்புக் கேட்கவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது அப்பா, "அந்தக் கோட்டு கிளாஸ்கோவுக்கா எடின்பரோவுக்கா?" என்றார். கிளாஸ்கோ என்றேன். "நல்லவேளை. அங்க மழை அதிகம், காத்து கம்மி" என்றார்.

ஆனால் அக்கா, ஸ்ட்ருவன் மாமா எழுந்து நடக்க மாதங்கள் ஆகும். பாலை யார் பார்ப்பது, அடுப்பை யார் பார்ப்பது?

இஷ்பெல்

---

ஓடாகோ
13 டிசம்பர் 1987

இஷ்பெல்,

'மாமா' திரும்பி வந்துவிட்டது, பார்த்தேன். நீ கிளாஸ்கோவுக்குப் போ. இனி எதையும் உன்னிடம் மறைக்க மாட்டேன். இந்தச் செய்தியிலிருந்தே தொடங்குகிறேன்: ஜூன் மாதம் குழந்தை. அத்தானுக்கு அடுத்தபடியாக உனக்குத்தான் சொல்கிறேன்.

ரோனா

---

கிளாஸ்கோ
17 ஜனவரி 1988

அன்புள்ள அக்கா,

உன் செய்தியைப் படித்து நூலகத்திலேயே சத்தமாகச் சிரித்துவிட்டேன். இங்கே அதற்குத் தடை. உடம்பைப் பார்த்துக்கொள், கிடாவைப் பிடிக்கப் போகாதே. என் அறை சின்னது, ஜன்னலுக்கு எதிரே ரயில் பாதை. கோட்டு தாங்குகிறது.

ஸ்ட்ருவன் மாமா இன்னும் அபர்டீனில்தான். நெட்டா சங்கக் கலவையை இருமல் மருந்துச் சீசாவில் ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தாளாம். வரும் வழியில் போய்ப் பார்த்தேன். மீன் விஷயத்தைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "அதை விடும்மா, குடை கொண்டு வந்தியா?" என்றார்.

நான் புறப்பட்ட திங்கட்கிழமைக்கு மறுநாள் காலை, யாரும் கூப்பிடாமலே லாக்லன் நம் வீட்டு அடுக்களைக்குள் வந்திருக்கிறார். அடுப்புக் குமிழ்களைப் பார்த்திருக்கிறார். பால் பாட்டிலைத் திறந்து மோந்து, கெட்டுவிட்டது என்று சாக்கடையில் ஊற்றியிருக்கிறார். அது அன்று காலை வந்த பால்.

அதற்குப் பிறகு தினமும் வருகிறார், தினமும் பாலை ஊற்றிவிடுகிறார். அப்பா இப்போது பால் இல்லாமல் தேநீர் குடிக்கிறார்.

உன் தங்கை,
இஷ்பெல்